ஒரே சுண்ணாம்புப் பாறை, ஒரு கிணற்றில் எண்ணெய், பக்கத்துக் கிணற்றில் ஏமாற்றம்: டயாஜெனிசிஸ் செய்யும் வேலை

எண்ணெய் வயல் செய்திகளைப் படிக்கிறவர்களுக்கு ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வரும். பெரிய கண்டுபிடிப்பு என்று தலைப்பு போடுவார்கள், இத்தனை கோடி பீப்பாய் இருப்பு என்று எண்ணும் சொல்வார்கள். சில வருடம் கழித்துப் பார்த்தால் அதில் ஒரு பங்குதான் மேலே வந்திருக்கும், மீதி உள்ளேயே கிடக்கும். 1974இல் அரபிக் கடலில் கண்டுபிடிக்கப்பட்ட மும்பை ஹை வயலில் உற்பத்தியைத் தூக்கிவிட அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி 2025 ஜனவரியில் பிரிட்டனின் பிபி நிறுவனத்தைத் தொழில்நுட்பத் துணைக்கு அழைத்தது. எண்ணெய் இன்னும் உள்ளே இருக்கிறது என்றால் ஐம்பது வருடமாக எடுக்க விடாமல் தடுப்பது என்ன?

பணம், கடலில் நிற்கும் உற்பத்தி மேடைகளின் வயது, நிர்வாகம் என்று பல காரணங்களை அடுக்கலாம். அதற்கெல்லாம் அடியில் பாறை இருக்கிறது. மும்பை ஹையின் முக்கிய எண்ணெய் அடுக்கு சுண்ணாம்புக் கல். உலகின் எண்ணெய் இருப்பில் பாதிக்கு மேல் இந்த மாதிரி கார்பனேட் பாறைகளில்தான் இருக்கிறது என்பது துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இந்தப் பாறைகளுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. அவை எப்படிப் பிறந்தன என்பதை விட, பிறந்த பிறகு அவற்றுக்குள் எந்தத் தண்ணீர், எப்போது, எவ்வளவு ஓடியது என்பதே அவற்றின் மதிப்பை முடிவு செய்கிறது. அந்தப் பிற்கால மாற்றங்கள் அத்தனைக்கும் சேர்த்து வைத்த பெயர்தான் டயாஜெனிசிஸ்.

## முதலில் இரண்டு எண்கள்

எண்ணெய் பூமிக்கடியில் ஏரி போலக் கிடப்பதில்லை. பாறையின் நுண்துளைகளுக்குள் இருக்கிறது. அதனால் பொறியாளர் முதலில் கேட்பது இரண்டு எண்கள்.

1. போரோசிட்டி: பாறையின் மொத்தக் கன அளவில் எத்தனை சதவீதம் வெற்றிடம் என்பது. 20 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் பாறையில் 200 லிட்டர் இடம் காலி. எவ்வளவு எண்ணெய் இருக்க முடியும் என்பதை இது சொல்லும்.

2. பெர்மியபிலிட்டி: அந்த வெற்றிடங்கள் வழியாகத் திரவம் எவ்வளவு சுலபமாக நகரும் என்பது. 1856இல் பிரான்சின் திஜோன் நகரத்துக் குடிநீருக்காக மணல் வடிகட்டிகளைச் சோதித்த ஹென்றி டார்சியின் பெயரில்தான் இதன் அலகு இருக்கிறது. எண்ணெய்த் துறையில் புழங்குவது அதன் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிடார்சி. இருக்கும் எண்ணெய் வெளியே வருமா என்பதை இந்த எண் சொல்லும்.

செய்தியில் வருவது பெரும்பாலும் முதல் எண் மட்டும். மணற்கல்லாக இருந்தால் அதை வைத்து இரண்டாவதை ஓரளவு ஊகிக்கலாம், ஏனென்றால் மணல் மணிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகள் இயல்பாகவே ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும். கார்பனேட்டில் அந்த ஊகம் கைவிட்டுவிடும். 25 சதவீத போரோசிட்டி உள்ள இரண்டு சுண்ணாம்புக் கல் துண்டுகளில் ஒன்று நூற்றுக்கணக்கான மில்லிடார்சி காட்டும், மற்றது ஒன்று கூடக் காட்டாது.

## இந்தப் பாறைக்கு மட்டும் ஏன் இந்தக் குணம்?

மணற்கல்லின் மூலப்பொருள் குவார்ட்ஸ். அது லேசில் கரையாத, வேதியியல் ரீதியாகச் சோம்பேறியான கனிமம். கார்பனேட் வண்டலோ பெரும்பாலும் உயிரினங்கள் உருவாக்கியது. பவளம், சிப்பி, பாசிகள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகளின் ஓடுகள், அலையில் உருண்டு உருண்டு மேல்பூச்சு ஏறிய ஊய்டு எனப்படும் சிறு உருண்டைகள், இவை எல்லாம் கால்சியம் கார்பனேட்.

ஆனால் எல்லாம் ஒரே கால்சியம் கார்பனேட் இல்லை. பவளங்களும் பல சிப்பிகளும் அரகோனைட் என்ற வடிவில் ஓடு கட்டுகின்றன. கடல் முள்ளெலி வகை உயிரினங்கள் மக்னீசியம் கலந்த கால்சைட்டில் கட்டுகின்றன. இந்த இரண்டும் கடல் நீரில் இருக்கும் வரைக்கும் சமாளிக்கும், நல்ல தண்ணீர் பட்டாலோ ஆழத்தில் புதைந்தாலோ நிலைக்காது. கரையும், அல்லது மக்னீசியம் குறைந்த சாதாரண கால்சைட்டாக மாறும். மாறும்போது அளவும் மாறுகிறது. அதே அளவு அரகோனைட் கால்சைட்டாகும்போது சுமார் 8 சதவீதம் அதிக இடம் பிடிக்கும், அந்தக் கூடுதல் இடம் துளைகளிலிருந்துதான் வர வேண்டும்.

வெப்பமண்டலக் கடலில் இன்று படியும் கார்பனேட் வண்டலில் 40 முதல் 70 சதவீதம் வரை வெற்றிடம். பழைய கார்பனேட் பாறைகளில் சாதாரணமாக இருப்பது 5 முதல் 15 சதவீதம். நடுவில் காணாமல் போன அந்தப் பெரும் பங்கு எங்கே போனது, எங்கெங்கே போகாமல் தப்பியது, எங்கே புதிதாக வந்தது என்று தேடுவதுதான் கார்பனேட் ஆய்வாளரின் முழு வேலை என்று கூடச் சொல்லலாம்.

## டயாஜெனிசிஸ்: எது சேரும், எது சேராது

வண்டல் படிந்த கணத்திலிருந்து, அது கடும் வெப்ப அழுத்தத்தில் பளிங்காக உருமாறும் எல்லை வரை நடக்கிற எல்லா இயற்பியல், வேதியியல், உயிரியல் மாற்றங்களும் டயாஜெனிசிஸ் கணக்கில் வரும். பளிங்கானதும் அது வேறு கதை. அதற்கு முன் நடப்பவற்றை வேலை வாரியாகப் பிரித்தால்:

1. கரைதல். துளை உண்டாகும்.
2. சிமெண்ட் படிதல். மூட்டைச் சிமெண்ட் இல்லை, துளைச் சுவரில் வளரும் கால்சைட் படிகங்களைத்தான் துறையில் சிமெண்ட் என்கிறார்கள். துளை அடையும்.
3. ஒரு கனிமம் இருந்த இடத்தில் இன்னொன்று உட்காருதல். மக்னீசியம் ஏறிய கார்பனேட்டான டோலமைட் ஆவது இதில் முக்கியம். துளை கூடலாம், குறையலாம்.
4. நெருக்கப்படுதல், அழுத்தத்தில் கரைதல். துளை குறையும்.
5. வெடிப்பு விடுதல். வெற்றிடம் பெரிதாகக் கூடாது, வழி மட்டும் பிரமாதமாகத் திறக்கும்.

இவை வரிசையாக நடப்பதில்லை. ஒரே பாறையில் ஒரே காலத்தில் ஒரு மூலையில் கரையும், இரண்டு விரற்கடை தள்ளிப் படியும்.

## கடலடியில் தொடக்கம்

கடல்தரையில் இருக்கும்போதே வேலை ஆரம்பித்துவிடும். நுண்ணுயிரிகள் ஓடுகளைத் துளைக்கும், துளைத்த இடத்தை மிக நுண்ணிய கார்பனேட் சேறு நிரப்பும். மணிகளைச் சுற்றி நார் நாராக, ஒரே தடிமனில், முதல் சிமெண்ட் வளரும். அலை மோதும் பவளத் திட்டின் முகப்பில் கடல்நீர் துளைகளுக்குள் அடித்து அடித்துப் போவதால் இது அதிகம், அமைதியான காயலில் குறைவு.

இந்த மெல்லிய சிமெண்ட் பூச்சு கெட்டது என்று தோன்றும். பல நேரம் நல்லது. மணிகளை ஆரம்பத்திலேயே பிடித்து வைத்துவிடுவதால் பின்னால் ஆயிரம் மீட்டர் சுமை ஏறும்போது மணிகள் நசுங்கி ஒன்றுக்குள் ஒன்று புகுவதில்லை. பூச்சு தடித்துத் துளையையே அடைத்துவிட்டால்தான் நட்டம்.

## மழை நீர்: அதிக லாபமும் அதிக ஏமாற்றமும் இங்கேதான்

கடல் மட்டம் நிலையாக இருந்ததே இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனி யுகத்தின் உச்சத்தில், அது இன்றைவிட 120 மீட்டர் அளவு கீழே இருந்தது. ஆழமில்லாத கடலில் வளரும் கார்பனேட் மேடைகளுக்கு, அதாவது பரந்த சுண்ணாம்புத் திட்டுகளுக்கு, அவ்வளவு கூடத் தேவையில்லை, சில மீட்டர் இறங்கினாலே தலை வெளியே வந்துவிடும். வந்ததும் மழை பெய்யும். மழைநீர் மண்ணில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகக் கீழே இறங்கும், அரகோனைட்டைக் கரைக்கும்.

இதைக் கண்ணால் பார்க்க யாழ்ப்பாணம் போதும். குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலச் (சுமார் 50 லட்சம் முதல் 2.3 கோடி வருடங்களுக்கு முன்) சுண்ணாம்புக் கல், மும்பை ஹையின் முக்கிய எண்ணெய் அடுக்கான எல்-3உம் மயோசீனைச் சேர்ந்ததுதான். மழைநீர் கரைத்த வழிகளில்தான் குடாநாட்டின் நிலத்தடி நீர் ஓடுகிறது. நிலாவரைக் கிணறு அப்படிக் கரைந்த குழிதான். அதில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். நல்ல நீரும் கடல்நீரும் சந்திக்கும் எல்லை கரைதலுக்கு முக்கியமான இடம், ஏனென்றால் தனித்தனியாக இனி கரைக்கச் சக்தியில்லாத இரண்டு நீர்களைக் கலந்தால் கலவைக்கு மறுபடியும் கரைக்கும் சக்தி வந்துவிடும். மெக்சிகோவின் யூக்கடான் தீபகற்பத்துக் குகைகள் பெரிதானதில் இந்தக் கலப்புக்கும் பங்கு உண்டு.

எல்-3 அடுக்கிலும் இதே கதை கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் நடந்தது. மெல்லிய சுண்ணாம்புக் கல் படுகைகள், நடுநடுவே களிப்பாறைத் தட்டுகள், இடையிடையே கடல் விலகி மேடை வெளியே வந்த காலங்கள். அப்படி வெளியே வந்தபோது கரைந்து உண்டான துளைகளுக்கு இன்றைய போரோசிட்டியில் பெரிய பங்கு இருக்கிறது. இதன் விளைவு என்னவென்றால் வயல் முழுக்க ஒரே தரம் இல்லை. ஒரு படுகை தாராளமாகக் கொடுக்கும், அதற்கு மேலே இருப்பது கஞ்சத்தனம் செய்யும், எண்ணெயைத் தள்ளக் கிணற்றில் தண்ணீர் செலுத்தினால் அது தாராளமான படுகை வழியாகவே ஓடிவிட்டு மற்றதைச் சீண்டாமல் விட்டுவிடும். ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இதுதான்.

அப்புறம் ஏமாற்றத்தின் கதை. ஊய்டு உருண்டைகள் அரகோனைட்டாக இருந்தால் மழைநீர் அவற்றை முழுசாகக் கரைத்து, உருண்டை வடிவக் குழியை மட்டும் விட்டுவைக்கும். கரைந்த சுண்ணாம்பு வெகு தூரம் போகாது, பக்கத்தில் உருண்டைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியிலேயே கால்சைட்டாகப் படியும். ஆக முன்பு மணியாக இருந்தது இப்போது துளை, முன்பு துளையாக இருந்தது இப்போது கல். மொத்த வெற்றிடம் கிட்டத்தட்ட அதே அளவு, ஆனால் ஒவ்வொரு துளையும் தனித்தனி. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் நூறு அறை கட்டிவிட்டு, வராந்தாவும் வைக்காமல் ஒரு அறைக்கும் கதவும் வைக்காமல் விட்டால் எப்படி, அப்படி.

அமெரிக்காவின் ஆர்கன்சா, லூசியானா மாநிலங்களின் அடியில் இருக்கும் ஸ்மாக்கோவர் என்ற ஜுராசிக் பாறை இதற்கு அருமையான சாட்சி. தெற்கு ஆர்கன்சா பக்கம் ஊய்டுகள் அரகோனைட்டாகப் பிறந்தன, கரைந்து குழிகளாயின. வடக்கு லூசியானா பக்கம் கால்சைட்டாகவே பிறந்தன, கரையவில்லை, நடுவே இருந்த அசல் இடைவெளி தப்பியது. ஒரே பெயர், ஒரே காலம், ஒரே மாதிரி உருண்டை. பிறவிக் கனிமம் மட்டும் வேறு, அதனால் உள்ளே திரவம் ஓடும் விதமே வேறு.

## டோலமைட்: இரட்சகனா, வில்லனா?

கால்சைட்டில் பாதிக் கால்சியத்தை எடுத்துவிட்டு மக்னீசியத்தை உட்கார வைத்தால் டோலமைட். பிரெஞ்சு ஆய்வாளர் தியோதா தெ தோலோமியூ 1791இல் இதைப் பற்றி எழுதினார், பெயர் அவரிடமிருந்து வந்தது. காகிதக் கணக்கில், மூலக்கூறுக்கு மூலக்கூறு மாறினால், கன அளவு சுமார் 13 சதவீதம் குறையும், அவ்வளவு துளை இலவசமாகக் கிடைக்கும். பழைய பாடங்களில் "டோலமைட் என்றால் நல்ல தேக்கப் பாறை" என்று இருந்ததற்கு இந்தக் கணக்கு ஒரு காரணம்.

நடைமுறை அப்படி இல்லை. மக்னீசியத்தைக் கொண்டு வரும் நீர் கூடவே கார்பனேட்டையும் கொண்டு வரும். பாறையின் அளவைப் போலப் பல நூறு மடங்கு கடல்நீர் உள்ளே ஓடினால்தான் முழுமையாக டோலமைட் ஆக முடியும், அவ்வளவு நீர் ஓடும்போது 13 சதவீதக் கணக்கு சுத்தமாக நிற்காது. நீர் தொடர்ந்து வந்தால் டோலமைட்டே துளைகளை நிரப்ப ஆரம்பித்துவிடும்.

என் பார்வையில் டோலமைட்டின் உண்மையான பயன் புதுத் துளை உண்டாக்குவதில் இல்லை, இருப்பதை ஒழுங்குபடுத்துவதிலும் காப்பாற்றுவதிலும் இருக்கிறது. சேறு போன்ற நுண்ணிய சுண்ணாம்பில் துளை இருந்தாலும் அது மிகச் சிறியது. அதே சேறு சர்க்கரைப் பரல் அளவுப் படிகங்களாக மாறினால் படிகங்களுக்கு நடுவே அகலமான வழி கிடைக்கிறது, போரோசிட்டி மாறாமலே பெர்மியபிலிட்டி ஏறுகிறது. அதோடு, டோலமைட் அழுத்தத்தில் லேசில் கரையாது. தெற்கு ஃபுளோரிடாவில் செய்த பழைய அளவீடுகளில் மேலோட்டமான ஆழத்தில் சுண்ணாம்புக் கல்லுக்குத்தான் போரோசிட்டி அதிகம், சுமார் 1,700 மீட்டருக்குக் கீழே போனால் டோலமைட் முந்துகிறது.

சவூதி அரேபியாவின் கவார் இதன் இரு முகத்தையும் காட்டும். 1948இல் கண்டுபிடிக்கப்பட்ட, சுமார் 280 கிலோமீட்டர் நீளமான வயல், மரபு முறையில் எண்ணெய் எடுக்கும் வயல்களில் உலகிலேயே மிகப் பெரியது. எண்ணெய் இருப்பது அரப்-டி என்ற ஜுராசிக் கார்பனேட்டில், மேலே மூடியாக அன்ஹைட்ரைட் உப்புப் பாறை. அரப்-டிக்குள் சில மெல்லிய தட்டுகளை அங்கே "சூப்பர்-கே" என்கிறார்கள். ஒரு அடிக் கனத்துக்கு நாளொன்றுக்கு 500 பீப்பாய்க்கு மேல் ஓட விடும் தட்டு என்பது அதற்கு வைத்த அளவுகோல். அவற்றில் பல, டோலமைட் ஆன தட்டுகள். ஆரம்பத்தில் இது வரம். பக்கவாட்டில் தண்ணீர் செலுத்தி எண்ணெயைத் தள்ள ஆரம்பித்த பிறகு அந்தத் தண்ணீர் சூப்பர்-கே வழியாகக் குறுக்கே புகுந்து கிணற்றுக்கு முன்கூட்டியே வந்துசேரும், மேலும் கீழும் இருக்கும் எண்ணெய் பின்தங்கிவிடும். இன்னொரு பக்கம், அதே பாறையில் இறுகிப்போன டோலமைட்டும் உண்டு, அதில் எதுவும் ஓடாது.

## ஆழத்தில்: மெதுவான, நிச்சயமான இழப்பு

புதைய ஆரம்பித்தால் பொதுவான திசை ஒன்றுதான், துளை குறைந்துகொண்டே போகும். மேலே சொன்ன ஃபுளோரிடா அளவீடுகளின்படி ஏறத்தாழ ஒவ்வொரு 1,700 மீட்டருக்கும் போரோசிட்டி பாதியாகிறது. அது அந்த ஊர்க் கணக்கு, எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தாது.

இழப்பின் முக்கிய வழி அழுத்தக் கரைதல். சுமை ஏறும்போது இரண்டு மணிகள் தொடும் புள்ளியில் கால்சைட் கரைகிறது, கரைந்தது பக்கத்துத் துளையில் போய்ச் சிமெண்டாகிறது. கரைந்த தளத்தில் கரையாத களிமண் மட்டும் மிஞ்சிப் பல் பல்லாக ஒரு கருங்கோடு உண்டாகும், அதற்கு ஸ்டைலோலைட் என்று பெயர். வழுவழுப்பாக்கிய சுண்ணாம்புக் கல் தரைப் பலகைகளில் ஈசிஜி கோடு மாதிரி வளைந்து வளைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள், பலர் விரிசல் என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது அதற்காகத்தான்.

அபுதாபியின் தமாமா பாறைத் தொகுதியில் இதன் விளைவு பளிச்சென்று தெரியும். ஸ்டைலோலைட் நிறைந்த இறுகிய தட்டுகள் ஒரு எண்ணெய் அடுக்கிலிருந்து அடுத்ததைப் பிரிக்கின்றன. அங்கே இன்னொரு விஷயமும் கவனிக்கப்பட்டது. கவிழ்த்த கிண்ணம் போன்ற மடிப்பின் உச்சியில், எண்ணெய் நிறைந்த பகுதியில், போரோசிட்டி அதிகம், சரிவுகளில், நீர் நிறைந்த பகுதியில், குறைவு. முன்கூட்டியே வந்து துளைகளில் நிறைந்த எண்ணெய், சிமெண்ட் வளரத் தேவையான நீரை விலக்கித் துளைகளைக் காப்பாற்றியது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். எண்ணெய் எவ்வளவு தூரம் உண்மையில் தடுக்கிறது என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை.

அதைவிடச் சூடான சண்டை ஒன்று உண்டு: ஆழத்தில் புதிதாகத் துளை பிறக்குமா? எண்ணெய் உருவாகும்போது வெளிவரும் அமிலங்களும் கார்பன் டை ஆக்சைடும் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துத் தேக்கத்தை மேம்படுத்தின என்று நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கின்றன. 2012இல் அமெரிக்கப் பெட்ரோலிய நிலவியலாளர் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரை இதை நேராகக் கேள்வி கேட்டது. ஆழத்து நீர் ஏற்கெனவே கால்சைட்டால் நிறைந்திருக்கிறது, மிக மெதுவாக நகர்கிறது, பெரிய அளவில் கரைக்க வேண்டுமென்றால் எங்கிருந்து அவ்வளவு புது நீர் வரும் என்பது அதன் வாதம். எனக்கு அந்தப் பக்கம்தான் வலுவாகத் தெரிகிறது. பிளவுகள் வழியாகக் கீழிருந்து வெந்நீர் பாய்ந்த இடங்களில் உள்ளூர் அளவில் கரைதல் நடந்திருக்கலாம், ஒரு முழு வயலின் போரோசிட்டிக்கும் அதைக் காரணம் காட்டினால் நீர்க் கணக்கைக் கேட்க வேண்டியதுதான்.

வெப்பம் இன்னும் ஏறி 100 முதல் 140 டிகிரி செல்சியஸ் வரம்பைத் தாண்டினால், அன்ஹைட்ரைட்டும் ஹைட்ரோகார்பனும் (எண்ணெய், எரிவாயு) வினைபுரிந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவை உண்டாக்கும், அன்ஹைட்ரைட் இருந்த இடத்தில் கால்சைட் படியும். துளையின் தரத்தை விட இங்கே பெரிய பிரச்சினை பாதுகாப்பும் செலவும், ஏனென்றால் அந்த வாயு மனிதரைக் கொல்லும், எஃகுக் குழாயையும் உடைக்கும்.

## தவறாகப் படித்தால் என்ன ஆகும்: ஒரு சின்னக் கணக்கு

கிணற்றுக்குள் கருவியை இறக்கி மின்தடையை அளப்பார்கள். துளையில் உப்பு நீர் இருந்தால் மின்சாரம் ஓடும், எண்ணெய் இருந்தால் ஓடாது. 1942இல் கஸ் ஆர்ச்சி கொடுத்த சமன்பாடு இந்த மின்தடையை, துளையில் எத்தனை சதவீதம் நீர் என்ற எண்ணாக மாற்றும். அதில் எம் என்று ஒரு அடுக்கு எண் வரும், துளைகள் எவ்வளவு சுற்றி வளைத்து இணைந்திருக்கின்றன என்பதைக் குறிப்பது. சாதாரணப் பாறைக்கு 2 என்று வைப்பார்கள். தனித்தனிக் குழிகள் நிறைந்த கார்பனேட்டில் அது 3, அதற்கு மேலும் போகும்.

1. போரோசிட்டி 25 சதவீதம் என்று வையுங்கள். எம் 2 என்றால் 0.25இன் இருபடி 0.0625.
2. எம் 3 என்றால் 0.25இன் முப்படி 0.0156, அதாவது நான்கில் ஒரு பங்கு.
3. சமன்பாட்டில் இது வகுக்கும் இடத்தில் இருக்கிறது, கடைசியில் வர்க்கமூலம் வேறு எடுக்கிறோம். ஆக நீரின் சதவீதம் சரியாக இரண்டு மடங்காகும்.

எம் 2 என்று வைத்துக் கணக்குப் போட்டவர் "40 சதவீதம் நீர், 60 சதவீதம் எண்ணெய்" என்று அறிக்கை கொடுத்திருப்பார். உண்மையில் 80 சதவீதம் நீர், 20 சதவீதம் எண்ணெய். கருவி சரியாகத்தான் வேலை செய்தது. ஊய்டுகள் எப்போது எப்படிக் கரைந்தன என்று யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அதைப் பார்க்கும் வழிகள் பழையவையும் புதியவையுமாக உண்டு. கிணறு துளைக்கும்போது எடுத்த பாறை உருளையிலிருந்து ஒரு சீவலை வெட்டி, துளைகளில் நீலப் பிசினை ஏற்றி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைப்பது முதல் படி. அலிசரின் சாயம் போட்டால் கால்சைட் சிவக்கும், டோலமைட் சிவக்காது. எலக்ட்ரான் கற்றை பட்டால் மாங்கனீசு உள்ள சிமெண்ட் ஒளிரும், இரும்பு அதிகமானால் மங்கும், அதனால் ஒரே படிகத்துக்குள் வளையம் வளையமாக எந்த நீர் எந்த வரிசையில் வந்தது என்று எண்ணலாம். ஆக்சிஜன் ஐசோடோப்பு (எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களின் விகிதம்), படிகத்துக்குள் சிக்கிய நீர்த்துளி இரண்டும் அந்த நீரின் வெப்பநிலையைப் பற்றித் துப்பு கொடுக்கும்.

## எண்ணெய் எடுப்பதும் ஒரு டயாஜெனிசிஸ்தான்

நார்வேயின் வடகடல் வயலான எகோஃபிஸ்க் 1969இல் கண்டுபிடிக்கப்பட்டது. பாறை சாக், அதாவது காக்கோலித் எனும் நுண்பாசித் தகடுகளால் ஆன மென்மையான வெண்சுண்ணாம்பு. சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் சாக்கில் இவ்வளவு போரோசிட்டி இருக்கக் கூடாது, ஆனால் அங்கே 30 முதல் 40 சதவீதம் இருந்தது. காரணங்கள் மூன்று. காக்கோலித் பிறவியிலேயே நிலையான கால்சைட், ஆகவே ஆரம்பக் கரைதல் குறைவு. துளை நீரின் அழுத்தம் மிக அதிகம், மேல் சுமையில் பெரும் பங்கைத் திரவமே தாங்கியது. எண்ணெயும் முன்கூட்டியே வந்துவிட்டது.

எண்ணெயை எடுக்க எடுக்க அந்தத் திரவத்தின் அழுத்தம் இறங்கியது, சுமை பாறை மேல் விழுந்தது, பாறை நசுங்கியது. 1984இல் கடல்தரை இறங்கியிருப்பதைக் கவனித்தார்கள். 1987இல் உற்பத்தி மேடைகளின் கால்களை வெட்டி, மேடைகளை 6 மீட்டர் உயர்த்தினார்கள். அழுத்தத்தைத் தூக்கக் கடல்நீரைச் செலுத்தினார்கள், எண்ணெய் உற்பத்தி நன்றாக ஏறியது, அழுத்தமும் மீண்டது, ஆனால் நசுங்கல் எதிர்பார்த்தபடி உடனே நிற்கவில்லை. எண்ணெய் இருந்த துளைக்குள் நீர் புகுந்ததும் சாக் வலுவிழக்கிறது, மணிகளின் தொடுபுள்ளிகளில் கரைதல் வேகம் பிடிக்கிறது. இயற்கை கோடி வருடங்களாக எண்ணெயை வைத்துத் தள்ளிப்போட்டிருந்த வேலையை, தண்ணீர் செலுத்தி மறுபடி ஆரம்பித்து வைத்தார்கள் என்று சொன்னால் தவறில்லை.

## வெய்பர்ன்: துளை அதிகமான அடுக்கு பின்தங்கிய கதை

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்து வெய்பர்ன் வயல் 1954இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கார்பனேட் அடுக்குகள்.

1. மேலே "மார்லி": நுண்ணிய டோலமைட், சராசரி போரோசிட்டி சுமார் 26 சதவீதம்.
2. கீழே "வக்கி": குழிகளும் இயற்கை வெடிப்புகளும் உள்ள சுண்ணாம்புக் கல், சராசரி சுமார் 11 சதவீதம்தான்.

முதல் எண்ணை மட்டும் பார்க்கிறவர் மார்லியில்தான் பணத்தைப் போடுவார். 1964இலிருந்து தண்ணீர் செலுத்தியபோது நடந்தது தலைகீழ். நீர் வெடிப்புகள் உள்ள வக்கியில் சுலபமாக ஓடி அங்கிருந்த எண்ணெயைத் தள்ளிக்கொண்டு போனது. மார்லியின் மெல்லிய வழிகளுக்குள் போதுமான அளவு நுழையவில்லை, எண்ணெய் அங்கேயே தங்கிவிட்டது. அப்போதிருந்த நிலைமையில் அதிக நீரைச் செலுத்துவதும் பயனில்லை, அது மறுபடியும் வக்கி வழியாகவே போகும்.

2000இல் உத்தியை மாற்றினார்கள். எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் வட டக்கோட்டாவில் நிலக்கரியிலிருந்து வாயு தயாரிக்கும் ஆலையின் கார்பன் டை ஆக்சைடைச் சுமார் 320 கிலோமீட்டர் குழாயில் கொண்டு வந்து செலுத்த ஆரம்பித்தார்கள். அது நீரைவிட லேசானது, மேலே ஏறும். மேலே இருப்பது மார்லி. எண்ணெயில் கலந்து அதை உப்ப வைத்து இளக்கும், நீர் புகாத வழிகளிலும் புகும். அதுவரை சரிந்துகொண்டிருந்த உற்பத்தி மீண்டும் ஏறியது, செலுத்திய வாயுவில் பெரும் பகுதி பாறைக்குள்ளேயே தங்கியது. எது டோலமைட் ஆனது, எது ஆகவில்லை, எங்கே குழி, எங்கே வெடிப்பு என்ற வரைபடம் கையில் இருந்ததால்தான் எந்த அடுக்கைக் குறிவைத்து எங்கே கிடைமட்டக் கிணறு துளைப்பது என்று அங்கே முடிவு செய்ய முடிந்தது.